உடைத்துக் கட்டுவதா, இருப்பதைக் காப்பதா?

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தபோது வாசலில் இருவர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் காணித் தரகர், எனக்கு முன்பே தெரிந்தவர். மற்றவர் இளம் பொறியியலாளர். உள்ளே நானா காசு மேசையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் யோசிக்காதீங்க தம்பி, சும்மா அளந்து பாக்க வந்திருக்காங்க" என்றார்.

புறக்கோட்டையில் யாரும் சும்மா அளப்பதில்லை. அது நானாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் கட்டடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தெருப் பக்கம் இருப்பது ஓடு போட்ட பழைய இரண்டு மாடி. கனத்த சுவர், உயர்ந்த கூரை, மேலே பலகைத் தளம். வாப்பாவின் வாப்பா அதை வாங்கும்போதே அது பழைய கட்டடம்தான். பின்பக்கம் இருப்பது வாப்பா 1964இல் கட்டிய மூன்று மாடிக் கொங்கிரீட் கட்டடம். மேற்குச் சுவர் முழுவதும் துளைக்கல். சிறு வயதில் எங்களுக்கு அந்தக் கொங்கிரீட் கட்டடம்தான் பெருமை. முன்பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, மழைக்கு ஒழுகினால் மட்டும் பேசுவோம்.

தரகர் கொண்டுவந்த திட்டம் இதுதான்: இரண்டையும் உடைத்து ஏழு மாடி. எங்களுக்கு ஒரு தொகை ரொக்கம், அத்துடன் நான்காம் மாடியில் இரண்டு கடை. தொகையைக் கேட்டபோது எனக்கும் நெஞ்சு ஒருமுறை அடித்தது, மறைக்கத் தேவையில்லை.

பழைய கட்டடங்களுக்காகப் பரிந்து பேசும் ஆள் நான் அல்ல. பத்திரிகைகளில் அப்படி எழுதுபவர்களைக் காணும்போது, 'இவர் ஒருநாளாவது ஒழுகும் கூரையின் கீழே துணி மூட்டை அடுக்கியிருப்பாரா?' என்று கேட்டுக்கொள்பவன். ஆனால் இந்தத் திட்டம் வந்த பிறகு மூன்று மாதமாக இதைப் பற்றிப் படித்தேன், கேட்டேன், நடந்து பார்த்தேன். நம்மில் பலருக்கு இதே தரகர் அல்லது இவரைப் போன்ற ஒருவர் வருவார். அதனால் நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் புறக்கோட்டைக் கட்டடங்கள் ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பதைப் பார்ப்போம். "பழசு, அதனால் பழுது" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். வாடகைக்காரரைப் பாதுகாக்க வந்த சட்டம் அது. அந்தக் காலத்துக்கு அதில் நியாயமும் இருந்தது. ஆனால் வாடகை அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது, சாமான் விலை நிற்கவில்லை. எங்கள் முன்கடையின் இடது பாதியில் பொத்தான், நூல், சிப் விற்கும் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாப்பா எங்கள் வாப்பாவிடம் எடுத்த இடம். அவர் தரும் மாத வாடகை இன்று ஒரு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்கும் காணாது. அவரையும் குறை சொல்ல முடியாது. கீ மணி கொடுத்து வந்த குடும்பம், சட்டம் சொன்ன தொகையைத் தவறாமல் தருகிறது. எங்களையும் குறை சொல்ல முடியாது. அந்த வாடகையில் யார் கூரை மாற்றுவார்? சொந்தக்காரன் செய்யமாட்டான், வாடகைக்காரன் 'என்னுடையதா?' என்று கேட்பான். நடுவில் கட்டடம் அழுகும். முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பழைய சோனகத் தெரு வரை நடந்து, தலையை நிமிர்த்தி மேல் மாடிகளைப் பாருங்கள். சுவரில் அரசமரம் முளைத்த கட்டடங்களில் எத்தனைக்கு இந்தக் கதை இருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள் இருப்பது. எங்கள் உறுதியில் இருப்பது வாப்பாவின் வாப்பாவுடைய பெயர். இன்று பங்காளிகளை எண்ணினால் பதினேழு பேர். ஒருவர் மெல்பர்னில், இருவர் டோஹாவில். மர்ஹூமான சாச்சாவின் பிள்ளைகளுக்கு வந்த பங்கு இன்னும் சிறிய பங்குகளாகப் பிரிந்திருக்கிறது. மார்க்கம் சொன்னபடி பங்கு போவது சரி. ஆனால் பங்கு போனதை எழுதி, யார் பராமரிப்பது, செலவை எப்படிப் பிரிப்பது என்று ஓர் ஒப்பந்தம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. நாம்தான் செய்வதில்லை. 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் பங்காளிகளில் எவரும் நீதிமன்றம் போகலாம். போனால் வழக்கு நடக்கும் ஆண்டுகளில் ஒருவரும் ஓர் ஓட்டைக்கூட மாற்றமாட்டார். வழக்கு முடியும்போது பிரிப்பதற்கு மண் மட்டும் இருக்கும்.

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது? 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தமும் உண்டு. நூறு ஆண்டு கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். 1978இல் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் நகரத் திட்டத்தில் அதிகாரம் உண்டு. நம்மவர்களுக்கு இந்த இரண்டு பெயரையும் கேட்டாலே பயம். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும் என்ற பேச்சு. அதனால் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பட்டியலில் ஏறுமுன் உடைத்துவிடுகிறார்கள், அல்லது தானாக விழட்டும் என்று கூரையின் பீலியை அடைபட விடுகிறார்கள். உடைக்காதே என்று மட்டும் சொல்லும் சட்டம் கட்டடத்தைக் காப்பாற்றாது. காப்பதற்கான காசு எங்கிருந்து வரும் என்பதையும் அது சொல்ல வேண்டும்.

காசு வரும் விதத்தில் காப்பாற்றிய கட்டடம் நம் கண்ணெதிரே இருக்கிறது. கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலை பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். ஒரு காலத்தில் அது பொலிஸ் நிலையம். 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்தது. பிறகு திருத்தப்பட்டு 2011 டிசம்பரில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. தடித்த சுவர், நடுவில் முற்றம், ஓட்டுக் கூரை எல்லாம் அப்படியே. மூன்று ஆண்டின் பின் சுதந்திரச் சதுக்கத்தின் அருகில் இன்னொரு பழைய அரசாங்கக் கட்டடத்துக்கும் இதே வேலை செய்தார்கள். இரண்டும் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே போய் ஒரு சாரமோ, ஒரு டசின் பொத்தானோ வாங்க முடியுமா? வெளிநாட்டுப் பயணிக்கும் வசதியுள்ளவருக்கும் உரிய இடம் அது. அங்கே பழைய வியாபாரி என்று யாரும் இருக்கவில்லை. அதனால் யாரையும் அனுப்பவும் வேண்டியிருக்கவில்லை, வேலை சுலபம். புறக்கோட்டையில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வியாபாரி இருக்கிறான்.

வியாபாரியை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2020 நவம்பரில் மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனது. புதிய இடம் விசாலமானது, லொறி நிறுத்த வசதி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் காய்கறி வாங்க வந்தவன் திரும்பும் வழியில் பையும், வாளியும், பிள்ளைக்குச் சட்டையும் வாங்குவான். அந்த வாடிக்கை எந்த வரைபடத்திலும் இல்லை.

கொம்பனித்தெருவின் டி சொய்சா கட்டடத்தையும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், கீழே வரிசையாகச் சின்னக் கடைகள். அபிவிருத்தித் திட்டத்துக்குள் அகப்பட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் இடிபட்டது.

இனி வெளிநாட்டுக்குப் போவோம். நம்மில் பலர் சாமான் எடுக்கச் சிங்கப்பூர் போனவர்கள். பீச் ரோட்டில் படிக்கட்டுப் போல் சாய்ந்து நிற்கும் ஒரு பெரிய கொங்கிரீட் கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் கோல்டன் மைல் கொம்ப்ளெக்ஸ். 1973இல் கட்டியது, பதினாறு மாடி. கீழே தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைகளும், ஹட்யாய் போகும் பஸ் டிக்கட் விற்கும் கடைகளும். பல ஆண்டு அதைப் பார்த்து 'இது என்ன அசிங்கமான கட்டடம்' என்று நினைத்தவன் நான். கட்டடக் கலை தெரிந்தவர்கள் அதை உலகத்தின் முக்கியமான நவீன கட்டடங்களில் ஒன்று என்கிறார்கள். வீடு, அலுவலகம், கடை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்த ஆரம்பகால முயற்சி அது.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் பத்து ஆண்டு கடந்த அடுக்குமாடியை மொத்தமாக விற்க, பங்கின்படி எண்பது சதவீத உரிமையாளர் சம்மதித்தால் போதும். இதே முறையில்தான் 1976இல் கட்டிய பேர்ள் பேங்க் என்ற வட்டமான உயர்ந்த குடியிருப்பு 2018இல் விற்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. கோல்டன் மைல் உரிமையாளர்களும் விற்கப் பார்த்தார்கள், கேட்ட விலைக்கு ஆள் வரவில்லை. 2021 ஒக்டோபரில் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அத்துடன் நிற்கவில்லை. வாங்குபவர் பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதிய கோபுரம் கட்ட மேலதிகத் தள அளவு, குத்தகைக் காலத்தை மீண்டும் 99 ஆண்டாக நீடிக்கும் வாய்ப்பு, கட்டணத்தில் சலுகை என்று கொடுத்தது. 2022இல் 700 மில்லியன் சிங்கப்பூர் டொலருக்கு விலை போனது. கட்டடமும் நின்றது, உரிமையாளருக்கும் காசு வந்தது. நாம் படிக்க வேண்டிய பாடம் இது.

ஆனால் அதன் அடுத்த பக்கமும் இருக்கிறது. 2023இல் கீழே இருந்த கடைக்காரர்கள் எல்லோரும் வெளியேறினார்கள். அவர்களில் பலர் வாடகைக்கு இருந்தவர்கள். விலையில் அவர்களுக்குப் பங்கில்லை. கட்டடத்தைக் காப்பாற்றிய எந்தக் கடதாசியிலும் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று எழுதவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை மும்பாயில். பெண்டி பஸாரை நம்மவர்கள் அறிவார்கள், போரா சகோதரர்கள் நிறைந்த வியாபாரப் பகுதி. அங்கும் வாடகைச் சட்டம், அங்கும் கீ மணி, அவர்கள் பகடி என்பார்கள். அங்கும் அழுகிய கட்டடங்கள். 2009இல் போரா சமூகத்தின் ஒரு நம்பிக்கை நிதியம் பதினாறரை ஏக்கரில் இருந்த சுமார் 250 கட்டடங்களை ஒன்றாக எடுத்து மீளக் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 3,200 குடும்பம், 1,250 கடை. முக்கியமான நிபந்தனை, வாடகைக்காரரும் புதிய கட்டடத்தில் இடம் பெறுவார், அதுவும் சொந்தமாக. வேலை நடக்கும் காலத்துக்குத் தற்காலிக இடம்.

பழைய கட்டடங்கள் போய்விட்டன. மரத் தூணும் பலகை மாடமும் இருந்த தெருவில் கோபுரங்கள். அதைப் பார்த்து வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வருந்துவது சரி. ஆனால் 2017 ஓகஸ்ட் 31ஆம் திகதி அதே பகுதியில் ஹுசைனி என்ற கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். நூறு ஆண்டு கடந்த கட்டடம், இடிப்பதற்காகப் பட்டியலில் இருந்தது, ஆனால் ஆட்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள். இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் மேல் தளத்தில் இரண்டு பையன்கள் படுக்கிறார்கள்.

அடுத்த நாளே எங்கள் தரப்புக்கு வேறொரு பொறியியலாளரைக் கூப்பிட்டேன். தரகரோடு வந்தவர் அல்ல, நரைத்தவர், பழைய கட்டடம் திருத்திப் பழகியவர். அவர் முழு நாளும் தட்டிப் பார்த்தார், கூரைக்குள் ஏறினார். மாலையில் அவர் சொன்னது நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது.

முன்பக்கம் பலமாக இருக்கிறதாம். ஓடு மாற்ற வேண்டும், இரண்டு தீராந்தி மாற்ற வேண்டும், பீலி சரிசெய்ய வேண்டும். சுவர் ஈரத்துக்குக் காரணம் பழைமை அல்ல, நாங்கள்! சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். அதன் மேல் நாங்கள் 1990களில் சீமெந்து பூசி, அதற்கு மேல் பெயின்ட் அடித்தோம். ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரைத் தின்கிறது. சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசச் சொன்னார். (பழைய சுவரில் வேலை செய்யும் எவரும் இதைக் குறித்து வையுங்கள். மேசன் பாஸ் 'சீமெந்துதான் பலம்' என்று சொல்வார், நம்பவேண்டாம்.)

ஆபத்து பின்பக்கத்தில். வாப்பாவின் பெருமையான கொங்கிரீட்! கடல் காற்றிலும் மழையிலும் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கிய கம்பி மேலே இருக்கும் கொங்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். மூன்றாம் தளத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது. நாங்கள் அதன் கீழே மூட்டை அடுக்கி மறைத்திருந்தோம்.

"அப்ப பின்னால உடைக்கணுமா?" என்று கேட்டேன்.

"உடைக்கத் தேவையில்லை ஹாஜியார். துருவைச் சுரண்டி, கம்பி சேத்துக் கட்டலாம். ஆனா ஒண்டு கேக்கிறேன், இந்தக் கட்டடத்துக்கு நீங்க ஏசி போட்டிருக்கீங்களா?"

இல்லை. போடத் தேவை வரவில்லை. பகல் இரண்டு மணிக்கும் அந்த இரண்டாம் மாடியில் காற்று வரும். துளைக்கல் சுவர் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகிறது. பக்கத்துப் புதிய கண்ணாடிக் கட்டடத்தின் மின்சாரப் பட்டியலை அதன் முதலாளி ஒருநாள் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஐம்பது, அறுபது, எழுபதுகளின் கட்டடங்களை நாம் மதிப்பதே இல்லை. பழைய கட்டடம் என்றால் வளைவும் தூணும் இருக்க வேண்டும் என்ற எண்ணம். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கட்டிய வீடுகள் பல இன்று இல்லை. ஜெப்ரி பாவாவை உலகம் அறியும், தந்தை வழியில் அவருக்கு முஸ்லிம் வம்சமும் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு அவர் கட்டிய உயர்ந்த கட்டடம், குளிரூட்டி இல்லாமல் காற்றோட்டத்தில் இயங்கும்படி அமைத்தது. நூறு ஆண்டு என்று சட்டம் கோடு போட்டால் அந்தக் கட்டடம் அந்தக் கோட்டைத் தொட 2070கள் ஆகும். அதுவரை எந்தக் கட்டடம் காத்திருக்கும்? பேரை வாவியில் அவர் அமைத்த சீமா மாலகத்துக்குச் செலவு கொடுத்தது எஸ்.எச். மூஸாஜி என்ற நம் சமூக வியாபாரி, மறைந்த மகனின் நினைவாக. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு இன்னொரு விதம். கொழும்பு மூன்றில் காணி விற்கப்பட்டபோது, 2009இல் வீட்டைக் கழற்றி, ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் போட்டு, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மீண்டும் பொருத்தினார்கள். முடிய 2016 ஆனது. பெரிய மனது வேண்டும், பெரிய காசும் வேண்டும். புறக்கோட்டையை இப்படிக் கழற்றிக் கொண்டுபோக முடியாது.

எங்கள் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது, தினமும் பார்ப்பதால் அதைப் பார்ப்பதில்லை. சம்மாங்கோட்டார் பள்ளி, சிவப்புப் பள்ளி என்று ஊரே சொல்லும் ஜாமிஉல் அல்பார். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். கட்டியவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை, பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அல்ல. ஜனம் பெருகியது, இடம் போதவில்லை. உடைத்துப் பெரிதாகக் கட்டுவோம் என்று அவர்கள் தீர்மானித்திருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். 1975இலிருந்து பக்கத்துக் காணிகளை வாங்கிப் பின்னாலும் பக்கத்திலும் விரித்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான முகப்பு அப்படியே நின்றது. இன்று வெளிநாட்டவர் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள், அவர்கள் இரண்டாம் குறுக்குத் தெருவில் நடந்துதான் திரும்ப வேண்டும்.

இனி எங்கள் கணக்கு. தரகர் தந்த நான்காம் மாடிக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாடிக்கையாளர் யார்? பதுளையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் விடியற்காலை பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து, துண்டில் எழுதிய சாமானை மத்தியானத்துக்குள் எடுத்துக்கொண்டு போகிறவர். நாட்டாமியின் வண்டி வாசல் வரை வரும், நான்காம் மாடிக்கு வராது. புதிய வணிகத் தொகுதிகளுக்குள் போய்ப் பாருங்கள், இரண்டாம் மாடிக்கு மேல் பாதி இடம் ஸ்டோராக இருக்கும். கீழ்த்தளத்தில் பத்தடி அகலம் தரும் வியாபாரத்தை மேலே நாற்பதடி தராது. உடைத்துக் கட்டும் இரண்டு, மூன்று ஆண்டு வாடிக்கையாளர் எங்கே போவார்? எதிர்க் கடைக்கு. திரும்பி வருவாரா? 2022 நெருக்கடியில் நடுவில் நின்ற கட்டடங்களை எல்லோரும் பார்த்தோம். கம்பி மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

ஆனால் கணக்கு இத்துடன் முடிந்தால் இந்தக் கட்டுரை சுலபம். போயா விடுமுறை அன்று தெஹிவளையில் ராத்தா வீட்டில் எல்லோரும் கூடினோம். நான் பொறியியலாளரின் அறிக்கையை வாசித்தேன், சிங்கப்பூர், மும்பாய் எல்லாம் சொன்னேன். ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, நீங்க சொல்றது எல்லாம் சரி. மச்சானுக்கு வர்ற மாசம் பைபாஸ் செய்யணும். எனக்கு அந்தக் கட்டடத்திலிருந்து நாப்பது வருஷமா ஒரு சதம் வரல்ல" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. கடையை நானாவும் நானும் நடத்துகிறோம். பெருநாளைக்குச் சீலை எடுத்துக் கொடுத்திருக்கிறோம், பிள்ளைகளின் கலியாணத்துக்கு உதவியிருக்கிறோம். பங்குக்கு உரிய வாடகை என்று கணக்குப் போட்டு ஒருநாளும் கொடுக்கவில்லை. பொத்தான்காரர் எங்களுக்குத் தருவது கொஞ்சம் என்று குறைப்படும் நாங்கள், ராத்தாவுக்கு அதுவும் கொடுக்கவில்லை. கட்டடத்தை விற்கச் சொல்லும் பங்காளியைப் பேராசைக்காரர் என்று சொல்வது நமக்குப் பழக்கம். உள்ளே இருந்து வியாபாரம் செய்பவனுக்கு அது கட்டடம், வெளியே இருப்பவருக்கு வெறும் பெயர்.

அன்று அஸர் வரை பேசினோம். நானா கோபத்தில் இரண்டு முறை எழுந்து போய் இரண்டு முறை திரும்பி வந்தார். முடிவில் தரகருக்குச் சொல்ல மூன்று விடயம் எழுதினோம். முன்பக்கம் உடைபடக்கூடாது, பின்பக்கத்தில் மட்டும் உயர்த்தலாம். கீழ்த்தளக் கடைகள் எங்களுக்கே, அதில் பொத்தான்காரருக்கு அவருடைய இடம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியில் எழுத வேண்டும். வேலை நடக்கும் காலத்துக்கு இதே தெருவில் இடம்.

தரகர் படித்துவிட்டு, "ஹாஜியார், இப்படிக் கேட்டா எவனும் வரமாட்டான்" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மேலே கட்டாமல் விடும் மாடிகளின் உரிமையை வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கும் வழி மும்பாயில் 1990களிலிருந்து இருக்கிறது. பாதுகாக்கும் கட்டடக்காரனுக்கு அது காசு. அப்படி ஒரு வழி இங்கே நம் கைக்கு எட்டும்படி இருந்தால் தரகரும் வேறு மாதிரிப் பேசியிருப்பார். நம் வர்த்தக சங்கங்கள் தெருவில் வாகனம் நிறுத்துவது பற்றி மனுக் கொடுக்கின்றன, நல்லது. முன்பக்கத்தை வைத்துக்கொள்பவருக்கு மதிப்பீட்டு வரியில் குறைப்பும், விடும் மாடிக்கு விலையும், வாடகைக்காரர் திரும்பி வரும் உரிமையும் கேட்டு ஒரு மனு கொடுத்ததை நான் இதுவரை காணவில்லை. கேட்காத கடையில் யாரும் சாமான் தரமாட்டார்கள். அரசாங்கம் முழுப் புறக்கோட்டைக்கும் ஒரு திட்டத்தோடு வரும் நாளில் அந்த மனு நம் கையில் இருக்க வேண்டும், அன்று எழுத நேரம் இருக்காது.

இப்போதைக்கு நாங்கள் செய்திருப்பது இதுதான். கம்பி தெரியும் மூன்றாம் தளத்தைக் காலி செய்து திருத்த வேலை தொடங்கியாயிற்று. பையன்கள் இருவரும் முன்பக்கம் படுக்கிறார்கள், மின்சார வயர் முழுவதும் மாற்றியாயிற்று. வேலை முடிந்ததும் இரண்டாம், மூன்றாம் மாடிகளை இணையத்தில் துணி விற்கும் இரண்டு இளைஞர்கள் பொதி கட்டும் இடமாக எடுக்கிறார்கள். அவர்களுக்கு வாசல் தேவையில்லை, காற்று போதும். அந்த வாடகை கடைக் கணக்கில் சேராது, பதினேழு பங்காகப் பிரியும். ராத்தாவுக்கு அவருடைய பங்கில் கழிப்பதாக எழுதி ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்தோம். மச்சானுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பொத்தான்காரர் தானாக வந்து கூரைச் செலவில் ஒரு பகுதி தருவதாகச் சொன்னார், வாடகையையும் சட்டத்தரணி முன் பேசி உயர்த்தினோம்.

பங்காளிகளின் ஒப்பந்தத்தில் பதினைந்து கையெழுத்து வந்துவிட்டது. ஒன்று டோஹாவிலிருந்து தபாலில் வருகிறது. மெல்பர்ன்காரர் இன்னும் யோசிக்கிறார். தரகர் தொலைபேசியில் அவரோடும் பேசுகிறார் என்று கேள்வி.